ஜீப்பை முறித்தவன்

இருபத்தாறு கிலோ எடையுள்ள ஒரு பையன் தடாலென்று குதித்தால் ராணுவ ஜீப்பின் சேஸிஸ் முறிந்துவிடும் என்று ஒன்பது வயதில் நான் முழுமனதாக நம்பினேன். பேச்சுக்கு நம்பியதல்ல. அந்த நம்பிக்கையில் ஒரு வாரம் சாப்பாட்டைக் குறைத்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன், கடைசியில் கோதுமை மாவால் அந்த வண்டியைப் பழுதும் பார்த்தேன். இப்போது என் எடை தொண்ணூற்றிரண்டு. நான் லிஃப்டில் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். அந்தப் பழைய பயத்தில் கால்வாசி மிஞ்சியிருந்தாலும் இந்த உடம்பு இப்படி ஆகியிருக்காது.

ஜீப் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி. திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவர், டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் தங்கியிருந்தார். வாரம் முழுக்க ஆபீசில் ஃபைல் கட்டிவிட்டு, ஞாயிறானால் ஏலத்தில் எடுத்த அந்தக் கிழட்டு ஜீப்பை மெஹ்ரௌலிக்கு அப்பால் ஆரவல்லிப் பாறைகளின் மேல் ஏற்றி இறக்குவார். சாலை இருக்கும் இடத்தில் ஓட்டுவதை அவர் ஓர் இழிவாகவே கருதினார். அப்பா அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உன் தம்பியோட தகரம்" என்பார்.

அம்மாவுக்கோ அந்தத் தகரத்தை விட்டால் வேறு வழியில்லை. டெல்லிக்கு வந்து பதினொரு வருடம், பனியைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி ஒவ்வொரு குளிர்காலமும் சிம்லா போய் வந்து போட்டோ காட்டுவாள். அம்மா "அச்சா, அச்சா" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் துலக்குவாள். அப்பாவிடம் கேட்டால் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டுவார்.

ஒருநாள் மாமா சொன்னார்: "யக்கா, ஜனவரில மூணு நாள் சேந்தாப்ல லீவு வருது. நான் கூட்டிட்டுப் போறேன். பனிய ஒன் கையில அள்ளித் தரலன்னா எம் பேர மாத்திக் கூப்புடு."

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "போற வழியில ரெண்டாப் பொளந்துச்சுன்னா முன்பாதி யாருக்கு, பின்பாதி யாருக்குன்னு இப்பமே பேசி முடிச்சிருங்க" என்றார்.

அம்மா மறுநாளே கம்பளிநூல் வாங்கிவந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறு, மாமா என்னைப் பாறைக்காட்டுக்கு அழைத்துப் போனார். "ஏலே, உக்காந்து வா. நின்னேன்னா இங்ஙனயே எறக்கி விட்டுருவேன்." நான் நின்றேன். வண்டி ஒரு வறண்ட ஓடைக்குள் மூக்கைக் குத்திய நேரத்தில் பின்சீட்டின் மேலேறிக் குதிக்கவும் செய்தேன். அடியில் 'டக்' என்றது. மாமா நிறுத்தினார், இறங்கினார், குனிந்து பார்த்தார். திரும்ப ஏறி, வழக்கத்துக்கு மாறாக ஒரு ஸ்கூட்டரைப் போல மெதுவாக வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் என் பந்து ஜீப்புக்கு அடியில் உருண்டுபோனது. எடுக்கப் போனவன் மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். வண்டியின் நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். அதுதான் சேஸிஸ், முழுப் பாரமும் அவற்றின் மேல்தான். இடதுபக்கச் சட்டத்தில் சதுரமாக ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தது. அந்தத் தகடு முடியும் ஓரத்தில், கீழிருந்து பாதி உயரத்துக்கு ஒரு வெடிப்பு. நகத்தை விட்டுப் பார்த்தேன். உள்ளே போயிற்று.

சொன்னால் அம்மாவின் பனி போகும். சொல்லாவிட்டால் அம்மாவே போவாள். மலைப்பாதையில் ஜீப் இரண்டாகி, ஸ்டியரிங்கோடு மாமாவும் டிபன் கேரியரோடு அம்மாவும் தனித்தனிப் பள்ளத்தில் விழுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நானும் கூடவே போகிறவன்தான் என்பது அந்தத் துக்கத்தில் மறந்துவிட்டது. எடை குறைந்தால் கீறல் வளராது என்று கணக்குப் போட்டு இரண்டு இட்லியோடு எழுந்தேன். "என்னல, வயித்துக்குச் சேரலியா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை பட்டதும் அழுகை வந்தது. ஹோம்வொர்க் அதிகம் என்று சொன்னேன்.

புதன்கிழமை சிகிச்சையில் இறங்கினேன். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை திருடி, அப்பாவின் கறுப்பு ஷூ பாலிஷைக் கலந்து பிசைந்து, கீறலில் அடைத்துத் தடவினேன். வேலை சுத்தம். அதற்குமேல் உயிர்களைக் காக்க என்னிடம் வேறு பொருள் இல்லை.

புறப்படும் காலை வந்தது. அம்மா புடவைக்கு மேல் புது ஸ்வெட்டரும் காலில் சாக்ஸுமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. மாமா சாவியைத் திருப்பினார். நான் ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் விழுந்து படுத்தேன். "மாமா, மத் ஜாவோ! போகாதீங்க! நான்தான் உடைச்சேன்! குதிச்சு உடைச்சேன்!" எனக்குப் பயம் எப்போதும் முதலில் ஹிந்தியில்தான் வரும்.

அப்பா முதல்முறையாக அந்த வண்டிக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வந்தபோது கையில் காய்ந்த கறுப்பு உருண்டை. மோந்து பார்த்தார். "சப்பாத்தி மாவு" என்றார் அம்மாவிடம். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "என்ன மாப்ள, எப்படி ஆச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிகநேரமே பார்த்தார். "அவன்தான் குதிச்சேன்னு சொல்லுதானே அத்தான்."

அம்மா இறங்கினாள்.

மாமாவும் நானும் ஜீப்பை மெல்ல ஓட்டிக்கொண்டு மாயாபுரியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். அடியில் படுத்துப் பார்த்த சர்தார்ஜி மிஸ்திரி, பழைய தகட்டை அறுத்தெடுக்க வேண்டும், கீறல் மேலே ஓடாமலிருக்க அதன் நுனியில் ஓட்டை போட வேண்டும், பிறகு முனைகளை மீன்வாய் போலச் சரித்து வெட்டிய நீளத் தகட்டைப் பொருத்த வேண்டும், மூன்று நாளாகும் என்றார். அடுத்து மாமாவைப் பார்த்து அவர் குரலை உயர்த்தியதும் மாமா என்னை டீ வாங்கிவர அனுப்பினார். நான் கிளாஸ்களோடு திரும்பியபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

வரும் வழியில் மாமா எனக்குச் சுடச்சுட ஜிலேபி வாங்கித் தந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இத்தனை பெரிய குற்றத்துக்கு ஜிலேபி தருகிறாரே, இவரைப் போல நல்லவர் உண்டா என்று எண்ணிக்கொண்டே தின்றேன்.

வீட்டில் அம்மா ஸ்வெட்டர்களை மடித்து, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அழாதல. பனி எங்க போயிரப் போவுது?" என்றாள். அடுத்த வருடம் மாமாவுக்கு நாக்பூர் மாற்றலாகி ஜீப்பை விற்றார். பிறகு அப்பாவின் ஆபரேஷன், என் பரீட்சைகள், அம்மாவின் மூட்டுவலி. வீட்டில் எது உடைந்தாலும் "எவன் குதிச்சான்?" என்று கேட்பது மட்டும் வழக்கமாயிற்று. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நானே அதைக் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டிப் பேர் வாங்கினேன்.

அம்மாவின் பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியிலும் சொன்னேன். எல்லாரும் கண்ணீரோடு சிரித்தார்கள். மாமா மட்டும் இலையை மூடிவிட்டு எழுந்தார். உறவுக்காரர்கள் போனபிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு பாறையில் மோதிச் சட்டத்தை முதலில் உடைத்தவர் மாமா. அதே சர்தார்ஜி மிஸ்திரி அப்போதே மூன்று நாள் கேட்டிருக்கிறார். மாமா ஒரு மணி நேரம் கொடுத்தார். அதில் சதுரத் தகட்டை ஒட்டித் தந்த மிஸ்திரி, தகடு முடியும் இடத்தில் சட்டம் மறுபடி கிழியும், மலைக்குக் கொண்டுபோகாதே என்று எச்சரித்தார். சொன்னபடியே கிழிந்தது. நான் குதிப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே மாமா அதைப் பார்த்துவிட்டார். சிம்லா வரை தாங்கும் என்று நினைத்தார். ஓடையில் 'டக்' என்றது சீட்டுக்கு அடியில் ஜாக்கி உருண்ட சத்தம்.

"நீ வந்து விழுந்து அழுதியா, எனக்குத் தப்பிக்க வழி கெடச்ச மாதிரி இருந்துச்சுல. பொறவு சொல்ல வாயி வரல."

"அம்மாகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

அம்மா பனியைப் பார்க்கவே இல்லை. அதைக் கெடுத்தவன் நான் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள்.