சல்லடையில் சிக்கிய முளைப்பாரி

அழுகிய இலையும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு வாடை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழேயிருந்த சின்ன மின்நிலையத்திலிருந்து எப்போதும் ஏறிவரும். எனக்கு அது அப்போதே பிடிக்காது. எங்கள் ஓடையை மறித்துக் குழாயில் தள்ளி அங்கே எடுத்த மின்சாரம், எங்கள் கூரைக்கு மேலே கம்பியில் ஓடிப் பிரிஞ்சாங் பட்டணத்துக்கும் அப்பாலும் போனது. எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு.

குழாயின் வாயில் குப்பையைத் தடுக்க இரும்புக் கம்பிகள் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பேச்சில் அது "சல்லடை". அதை வாரிச் சுத்தம் செய்பவர் மாணிக்கம். எங்கள் லயத்தில் பிறந்து, வேலை கிடைத்ததும் மின்நிலையத்து ஆட்களுக்கான "கோட்டர்ஸ்" வீட்டுக்குப் போனவர். போன நாளிலிருந்து நாங்கள் அவருக்கு "லயத்துக் கும்பல்".

எழுபதுகளின் கடைசி, நான் ஐந்தாம் வகுப்பு. மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை. கிழமையில் சந்தேகமில்லை, பள்ளிக்குப் போகாததற்குச் செவ்வாயன்று அடி வாங்கினேன். எனக்குப் பின் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மா, கைக்குழந்தையான தம்பியாவது தங்கவேண்டும் என்று முளைப்பாரி நேர்ந்திருந்தாள். பயிர் ஓடும் தண்ணீரில் போய்ச் சேர்ந்தால்தான் நேர்த்தி நிறைவேறும்.

பெண்கள் வழக்கம்போல் சல்லடைக்குச் சற்று மேலே பயிரை விட்டார்கள். மற்ற ஆண்டுகளில் வெள்ளம் ஓடையை மறித்த தடுப்புக்கு மேல் வழிந்து அதை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு மழை குறைவு என்பதை யாரும் நினைக்கவில்லை. பயிர் முழுவதும் சல்லடையில் அப்பிக்கொண்டது. குழாய்க்குத் தண்ணீர் போகாமல் இயந்திரத்தின் இரைச்சல் அடங்கியது. மாணிக்கம் வாரியோடு ஓடிவந்தார்.

"மிஷின் நின்னுபோச்சு! துரை வந்தா ஒங்களயா கேப்பான்? என் சோறு போயிடும்லா!"

"நிக்கட்டும்ண்ணே, எங்க வீட்டு லைட்டா அணைஞ்சிரப் போவுது?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டிருக்க வேண்டும். வாரிய பயிரைக் கரையில் எறிந்து, கனத்த ரப்பர் சப்பாத்துக் காலால் மிதித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என் புள்ளைக்கு நேந்ததுண்ணே, மிதிக்காதீங்க."

"லயத்துல புள்ளைக்கா பஞ்சம்?" என்றார்.

அம்மா குனிந்தாள். யாருடையது என்று பார்க்காமல் நசுங்கியதையெல்லாம் மடியில் அள்ளிக்கொண்டு, மின்நிலையத்துக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் இடம்வரை சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, ஓடையில் விட்டாள்.

தம்பி பிழைத்தான், இப்போது கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். லயம் இல்லை, முளைப்பாரி எடுக்க ஆளில்லை. மின்நிலையம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று இயந்திரம் நின்றது எங்கள் தவறு என்பதையும் குறித்துவைக்கிறேன். வாருவது மாணிக்கத்தின் வேலை. மிதிக்கச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.