ஏலம் போன கக்கூஸ்

காசிமேட்டில் இருபத்தெட்டு வருஷமாக மீன் ஏலம் விடும் கன்னியம்மாவின் குரல், படகு இன்ஜினையும் மீறிக் கேட்கும். அந்தக் குரலால்தான் வினை. பேரன் தூக்கத்தில் திடுக்கிட்டு அழுகிறான் என்று மருமகள் மூன்றாவது முறை சொன்னதும், "நா இன்னா புலியா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் 'தோழியர் வீட்டு'க்கு வந்துவிட்டாள்.

ஏழு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு அது. ஆண் துணை வேண்டாம், தலைவி வேண்டாம், எல்லாரும் சமம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கன்னியம்மா எட்டாவது ஆள்.

"இங்க பெரியவங்க யாரும்மா?"

"யாருமில்லக்கா. எதுன்னாலும் உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம்," என்றாள் பள்ளிக்கூட டீச்சர் ஷாஸியா.

பேசத்தான் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்து கன்னியம்மா குளித்துவிட்டு வரும்போது கூட்டம் தொடங்கியிருந்தது. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். கக்கூஸை யார் கழுவுவது என்பதுதான் பேச்சு. கரண்டி மூன்று சுற்று வந்துவிட்டது. உரிமை, உழைப்பு, முதுகுவலி எல்லாம் பேசியாயிற்று. மணி ஒன்றாகியும் அடுப்பு பற்றவில்லை. வெல்டிங் பட்டறை மதி நான்காவது முறையாகத் தொண்டையைச் செருமியதும், கன்னியம்மா கரண்டியைப் பிடுங்கினாள்.

"கக்கூஸு! பளபளன்னு கீற கக்கூஸு! ஒரு வாரம் கழுவ யாரு? ஒரு வாரம்... ஒரு வாரம்..."

"பத்து நாள்!" என்றாள் மதி, ஏதோ வேகத்தில்.

"மதி பத்து நாளு! டீச்சரு சும்மா பாத்துகினு கீறாங்க!"

ஷாஸியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு வாரம்!"

"மூணு!" மதி விடவில்லை.

"ஒரு மாசம்!" ஷாஸியா எழுந்து நின்று கத்தினாள்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! டீச்சருக்கே!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஷாஸியாவும் தட்டினாள். தான் ஜெயித்தது என்ன என்று அவளுக்கு உறைக்க அரை நிமிஷம் ஆனது.

கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்த வாரமே வீட்டின் சட்டத்தையே மீன் கூடை மாதிரி கவிழ்த்தாயிற்று. இனி வெளியேதான் என்று பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். ப்ளீச்சிங் பவுடரும் துடைப்பமுமாக ஷாஸியா வாசலை மறித்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட? அடுத்த வாரம் பாத்திரம் ஏலம். ஆனா ஒண்ணு, ஏலம் விடுறவங்களும் ஏலம் கேக்கணும். பேசி முடிவு பண்ணிட்டோம்."

அடுத்த ஞாயிறு கன்னியம்மா "ஒரு வாரம்" என்று தொடங்கினாள். யாரும் வாய் திறக்கவில்லை. ஏலம் சூடு பிடிக்காமல் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. தானே பத்து நாள் கேட்டாள். அதை மிஞ்சித் தானே இருபது கேட்டாள். நாற்பதில் தனக்கே முடித்துவைத்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று மதியம், கன்னியம்மா நன்றாகத் தேய்க்கட்டும் என்று ஷாஸியா வேண்டுமென்றே பிரியாணியை அடிப்பிடிக்க விட்டாள். கன்னியம்மா சட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிட்டு, "தீஞ்சது இன்னும் கீதா?" என்று தட்டை நீட்டினாள்.