வகுத்தல் விதி பற்றி ஒரு மனு

பின்னத்துக்கு வகைக்கெழு காண வகுத்தல் விதியே முறை. பி.யு.சி. காலாண்டுத் தேர்வில் x³+5x என்பதன் கீழே x இருந்த கணக்குக்கு அப்படித்தான் ஆறு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் ஒரு குறி தவறியது. காசிமேட்டு மீன் ஏலக்காரர் மகனோ முதலிலேயே வகுத்து, x²+5 ஆக்கி, அடுத்த வரியில் 2x என்று முடித்துவிட்டான். அதுவரை என்னுடையதாக இருந்த முதலிடம் அவனுக்குப் போனது.

"இன்னா மாமு, மேலயும் x கீது, கீழயும் x கீது. அடிச்சுப் போடாம இன்னாத்துக்கு சுமந்துகினு திரியிற?" என்று சிரித்தான்.

அந்த ஒற்றை வரி அழகாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விதியைத் தொடாதவனுக்கு முழு மதிப்பெண் தகுமா என்று முதல்வருக்கு மூன்று பிரதிகளில் மனு கொடுத்தேன். சரியான எந்த வழியும் செல்லும், முதலிடம் அவனுக்கே என்ற பதில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது.