சாப்பாட்டு அறைச் சுவரும் என் சிமெண்டும்

கோட்டையூரில் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வீடு உண்டு. செட்டியார் குடும்பம் ஒன்று எழுதிக் கொடுத்தது. வெளியூர் மாணவர்கள் முப்பது பேர் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். நான் அரசு வேலையில் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றதும் அதன் பராமரிப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம். படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் ஒவ்வொருவரும் சாப்பாட்டு அறைச் சுவரில் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவார்கள். வழவழப்பான பழைய சுண்ணாம்புப் பூச்சு அது. வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் அந்தச் சுவரை மட்டும் தொடமாட்டோம்.

ஒரு மழைக்காலத்தில் அதன் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு உதிர்ந்தது. சங்கச் செயலாளர் வந்து பார்த்தார்.

"ரீயூனியனுக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு. வர்றவுக கண்ணுல இந்தப் பொத்தல் படக்கூடாது."

கொத்தனார் கருப்பையாவைக் கூப்பிட்டேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சுண்ணாம்பை ஊறவச்சு அரைச்சுப் பூச ஒரு மாசமாவது வேணும் சார். சிமெண்டு மட்டும் வேணாம். இது மூச்சு விடுற செவுரு. கீழ அடைச்சீகன்னா ஈரம் மேல ஏறிரும்."

"எனக்கே பாடம் எடுக்குறீகளா? சிமெண்டைக் குழைங்க" என்றேன். சர்வீஸ் முழுக்க சிமெண்டோடு புழங்கியவன் என்ற திமிர். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அடுத்தவருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீயூனியன் நன்றாக நடந்தது. அடுத்த மழையில் ஈரம் தலை உயரத்துக்கு ஏறியது. பூச்சு உப்பி, ஒரு காலையில் பாளம் பாளமாக விழுந்தது. பெயர்களெல்லாம் போயின. சுவர் முழுவதும் சிமெண்ட் பூசி, பெயின்ட் அடித்து விஷயத்தை முடித்தேன்.

சில மாதம் கழித்து நாச்சியாபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சங்க வீட்டில் தங்கிப் படித்த யாசினின் தாய். மகன் சவூதியில் வேலை பார்த்தவன்.

"மவுத்தாயிட்டான் சார். அங்கயே அடக்கம் பண்ணிட்டாக. முகத்தக்கூடப் பாக்கல. இந்த வீட்டுச் செவுத்துல பேரு எழுதியிருக்கேன்னு சொல்லுவான். அதையாச்சும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். மழையால் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை.

"நான் செஞ்ச தப்பும்மா. சிமெண்டு பூசாதீகன்னு கொத்தனார் சொன்னார். நான் கேக்கல."

அவர் கோபப்படவில்லை. பெயின்டின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"சரி சார். நீங்க தினமும் பாத்திருப்பீகளே. எப்புடி எழுதியிருந்தான்? தமிழ்லயா, இங்கிலீசுலயா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடம் அந்தச் சுவரின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எங்கே விரிசல், எங்கே ஈரம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு பெயரையும் படித்ததில்லை. இதைச் சொன்னபோதுதான் அந்த அம்மா அழுதார். என் வாழ்நாளில் அவ்வளவு கூசிப்போனதில்லை.

பழைய கட்டடங்களில் வேலைக்கு வரும் இளைஞர்களே, சுண்ணாம்பு, சிமெண்ட் பற்றிக் கொத்தனார்களே சொல்லிவிடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கொத்துக் கரண்டியை எடுக்குமுன் சுவரில் இருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.