லிஃப்ட்காரரின் தண்ணீர்ப் பை

மலையேறும் குழுவில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வைத்த பெயர் லிஃப்ட்காரர். "மலைக்கு ஒரு லிஃப்ட் போட்டுக் கொடுத்தா நாங்க ஏன் சார் இப்படி மூச்சு வாங்கப்போறோம்?" என்று ஞாயிறுதோறும் யாராவது கேட்பார்கள். அவரும் ஞாயிறுதோறும் புதிதாய்க் கேட்பதுபோலச் சிரிப்பார். வாரம் முழுவதற்கும் அவரிடம் சொல்லப்படும் ஒரே ஜோக் அது.

மற்ற நாட்களில் இருட்டான லிஃப்ட் குழிக்குள் வேலை. நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து ஆட்கள் கூடப்பிறந்தவனிடம் பேசுவதுபோல் அவரிடம் பேசுவார்கள். "அண்ணே, எங்கயும் போயிடாதீங்கண்ணே." கதவு திறந்ததும் அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். ஆற்றைக் கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி. மனைவி இறந்துவிட்டார், மகன் வேறு நாட்டில். டிவி பேசுவதைத் தன்னிடம் பேசுவதாக வைத்துக்கொண்டு சாப்பிடுவார். தனிமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் தேடி என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் மலைக்கு ஊருக்கே ஊற்றலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர் சுமந்தார். பையின் இரண்டு பக்கமும் பெரிய பாட்டில், உள்ளே இன்னும் இரண்டு. மற்றவர்கள் சின்ன பாட்டிலைப் பாதி ஏற்றத்திலேயே காலி செய்துவிட்டு நாக்கு வறண்டு நிற்பார்கள். "சார், ஒரு வாய் தண்ணி இருக்குமா?" அவர் நின்று ஊற்றுவார். குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெயிலைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலு வார்த்தைக்குத்தான் மனிதர் இத்தனை பொதி சுமந்தார்.

ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுமை முதுகோடு ஒட்டி இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். கடைக்குப் போய், முதுகுப் பைக்குள் செருகி வைக்கிற தண்ணீர்ப் பை ஒன்று வாங்கினார். மூன்று லிட்டர் பிடிக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தோள்மேல் வந்து தொங்கும். முனையைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர் வரும், நடையை நிறுத்தவே வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு குழுவே அவரைச் சூழ்ந்துகொண்டது. "எங்களுக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க சார்." அந்த வாரம் அவர் போன் ஓயவில்லை. ஒவ்வொருவரோடும் கடைக்குப் போனார். "குட்டை முதுகுக்கு நீளப் பை வேண்டாங்க, இடுப்புல இடிக்கும்." "வாய் அகலமானதா எடுங்க, கைய விட்டுத் தேய்க்கணும்ல?" சோடா உப்பில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் வாடையைப் போக்குவது, நிரப்பியபின் பையைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி எடுப்பது, குடித்து முடித்ததும் குழாயில் நிற்கிற தண்ணீர் வெயிலில் சுடாதபடி ஊதி உள்ளே தள்ளுவது, எல்லாம் செய்து காட்டினார். "ஜூஸ் மட்டும் ஊத்தாதீங்க, பூஞ்சை பிடிச்சுக்கும்" என்று போன் போட்டும் சொன்னார். குழுவில் இருந்த பல் டாக்டரம்மா, "இந்த முனையைக் கடிச்சுக் கடிச்சுக் கடைசியில எல்லாரும் என்கிட்டதான் வரப்போறீங்க" என்றார். அதற்கு இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு எவரும் நிற்கவில்லை. ஆளாளுக்கு வாயில் குழாய், கால் பாட்டுக்கு நடந்தது. தனியாக ஒரு பாட்டிலும் கொண்டுவந்திருந்த லிஃப்ட்காரர் உச்சியில் அதைத் திறந்து நீட்டினார். "இருக்கு சார், நீங்க குடிங்க" என்று மரியாதையாகச் சொன்னார்கள். யார்மேலும் தப்பில்லை. இதைச் சொல்கிற எனக்கு எரிச்சலே அதில்தான், திட்டக்கூட ஓர் ஆள் இல்லை.

அதற்கும் அடுத்த வாரம், பாதி ஏற்றத்தில், அவர் முதுகுப் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். வரிசை அவரைக் கடந்து போயிற்று. கடைசியாக வந்த பல் டாக்டரம்மா நின்றார்.

"என்ன சார், முடியலையா?"

"தண்ணி தீந்துடுச்சுங்க."

டாக்டரம்மா உடனே தன் பையை இறக்கினார். "குழாய்ல என் வாய் பட்டிருக்கு, இருங்க" என்று மூடியைத் திறந்து, லிஃப்ட்காரரின் குவித்த கைகளில் ஊற்றினார். தாகமே இல்லாதவர் குடித்தார். புரையேறியது. டாக்டரம்மா அவர் தலையில் தட்டிவிட்டு, கிளம்பலாம் என்று அவருடைய பையைத் தூக்கிக் கொடுக்கப் போனார். பை கனத்தது.

"இதுல தண்ணி நிறைய இருக்கே சார்."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். காது வரைக்கும் சுட்டது. இந்த வயதில் ஒரு வாய் தண்ணீருக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம். மற்றவர்கள் வளைவு தாண்டிப் போய்விட்டார்கள். டாக்டரம்மாவும் ஒரு சிரிப்போடு போயிருக்கலாம்.

ஆனால் அவர் பையைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பாறையில் உட்கார்ந்தார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க சார்?"

வருடக்கணக்காக எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"நான் மட்டுந்தாங்க" என்றார். அது அவர் காதிலேயே சரியாக விழாததுபோல, "நான் மட்டுந்தாங்க" என்று இன்னொரு முறையும் சொன்னார்.