மீசைக்கு இடம் விட்ட ஹெல்மெட்

பெண் பார்க்க வந்த கூட்டத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அவருடைய மீசைதான். மற்றவர்களெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அது மட்டும் தனியாக ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தது போல இருந்தது. இரண்டு ஓரமும் லேசாக மேலே வளைந்திருக்கும். அதற்கென்று தனிச் சீப்பு உண்டு என்பதும், அது அடையாள அட்டையோடு சட்டைப் பையிலேயே இருக்கும் என்பதும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. எந்த அடுக்குமாடியில் எந்த லிஃப்ட் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். நான் மருத்துவமனையில் தாதி. எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, குவீன்ஸ்டவுனில் ஓர் அறை வீட்டில் குடியிருந்தோம். அங்கிருந்து எங்கே போவதானாலும் அந்த வண்டிதான்.

எங்களிடம் ஹெல்மெட் இல்லாமல் இல்லை. சட்டம் இருந்ததே! ஆனால் இரண்டுமே கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி, உச்சந்தலையை மட்டும் மூடுகிற வகை. அவருடையதில் மீசைக்கு நன்றாகக் காற்று வரும். என்னுடையது அவருடைய பழைய அறை நண்பர் விட்டுப்போனது. நான் பலமாகத் தும்மினால் அதன் வார் கழன்றுகொள்ளும். ஆனாலும் எனக்கு அதைப் பிடித்திருந்தது. காரணம், என் கொண்டை அதற்குக் கீழே சுதந்திரமாக உட்கார்ந்திருக்கும். கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரமும் வைத்துக்கொள்ளலாம். ஆக இரண்டு பேருக்கும் சௌகரியம். பாதுகாப்பைப் பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை.

நினைக்க வைத்தவர் எங்கள் வார்டுக்கு வந்த ஒரு நோயாளி. மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிற இளைஞர். விழுந்ததில் தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு மத்தியானம் என்னைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றார். தண்ணீரா என்றேன், வலியா என்றேன், போர்வையா என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கடைசியில் விரலை நீட்டிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து கோழிச் சோறு வந்திருந்தது. நான் இவருக்குக் கொடுக்க வேண்டியது உறிஞ்சுகுழாயும் ஒரு கிளாஸ் பாலும். பாலைப் பார்த்ததும் அந்த இளைஞரின் கண் கலங்கிவிட்டது. அவருடைய ஹெல்மெட் அலமாரிக்கு மேலே இருந்தது. எங்களுடையதைப் போன்றதுதான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன்.

"என்னங்க, முகம் முழுக்க மூடுற ஹெல்மெட் வாங்கணும்."

"மூடினா மீசை என்னாவறது?"

"மீசை மறுபடி வளரும். தாடை வளராது."

அவர் அப்பளத்தை நிதானமாக நொறுக்கினார். "சரி, உனக்கும் அதே வேணும்ல? அப்ப கொண்டை?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பின்கழுத்து வரை இறங்குகிற ஹெல்மெட்டுக்குள் கொண்டை எப்படிப் போகும்? அவருக்குத் தாடை முக்கியம் என்று விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு என் தலை முக்கியம் என்று ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அவர் மீசையைச் சீவும்போதெல்லாம் நான் அவரை முறைத்தேன். நான் கொண்டை ஊசி குத்தும்போதெல்லாம் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பாக்கத்தான லா போறோம், வாங்கவா போறோம்?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே சமாதானத்துக்கு வந்தார்.

சிராங்கூன் ரோட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தோம். மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் ஒரு கடையில் ஹெல்மெட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கடை முதலாளியான சீனத் தவுக்கே கைவைத்த பனியனோடு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். தமிழர்கள் நிறைந்த தேக்கா சந்தைக்கு எதிரே வளர்ந்தவராம். தமிழ் தாராளமாக வந்தது. என் கணவரைப் பார்த்த உடனே சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது ரொம்ப நல்லா லா! எல்லாரும் இதான் வாங்குது!"

என் கணவர் போட்டுக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அடடா, என்ன சௌகரியம்! தலையில இருக்கறதே தெரியல."

"இந்தப் பக்கம் திரும்புங்க," என்றேன்.

அவர் திரும்பினார். ஹெல்மெட் திரும்பவில்லை, அது தவுக்கேயைப் பார்த்தபடியே இருந்தது.

"விழுந்தா இது ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க," என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து துணி நாடாவை எடுத்தேன். பிறந்த குழந்தையின் தலையை அளக்கிற அதே மாதிரி நாடா. புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி, பின்மண்டையின் புடைப்பு வழியாகக் கொண்டுவந்து அளந்தேன். கடைவாசலில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் தாதி என்று தெரிந்ததும் தவுக்கே என்னை 'மிஸ்ஸி' ஆக்கிவிட்டார்.

"மிஸ்ஸி, பேபிக்கு வெயிட்டும் பாக்கணுமா?"

அளவுக்குச் சரியான அடுத்த ஹெல்மெட் உள்ளே போக மறுத்தது. நானும் தவுக்கேயும் சேர்ந்து வாரை விரித்துப் பிடித்து இறக்கினோம். கன்னங்கள் இரண்டும் உதட்டை நோக்கித் தள்ளப்பட்டு, அவர் வாய் மீன் வாயாகிவிட்டது. மீசையின் இரு முனைகளும் மேலேறி மூக்குத் துவாரத்தைத் தொட்டன. பிறகு நடந்ததைத் தவிர்த்திருக்க முடியாது. தும்மினார். முன்கண்ணாடி மூடியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் துளி.

"இது வேணாம்," என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

கன்னத்தை அழுத்துவது தவறில்லை, புது ஹெல்மெட் அப்படித்தான் இருக்கும், நாளாக நாளாகத் தளரும் என்றார் தவுக்கே. அதை நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் கழற்றிப் பார்த்தபோது நெற்றியின் நடுவில் குங்குமம் இட்டது போல ஒரு சிவப்பு வட்டம். வார்டில் நான் தினமும் பார்ப்பதுதான். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கே சிவக்கும், பிறகு வலிக்கும். அரை மணி நேரம் போனால் தலைவலியில் வண்டியை நிறுத்திவிடுவார். அளவு சரி, வடிவம் சரியில்லை. இவர் தலை முன்னும் பின்னும் நீண்டது. கடையில் இருந்ததெல்லாம் உருண்டைத் தலைகளுக்கானவை.

"நீட்டுத் தலைக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

தவுக்கே ஏணி வைத்து ஏறி, உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். பார்க்க அழகே இல்லை. தாடைப் பகுதி மட்டும் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. என் கணவர் போட்டுக்கொண்டு நின்றார். நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினேன். நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தது; பிடிப்பு சரி. வாரைப் பூட்டி, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக உருட்டிக் கழற்ற முயன்றேன்.

"கழுத்து! கழுத்து போவுது!"

"நல்லது, அப்ப ஹெல்மெட் போகாது," என்றேன்.

அழுத்தம் தெரிய நேரமாகும் என்பதால் நான் கழற்ற விடவில்லை. பக்கத்துக் காப்பிக் கடையிலிருந்து ஐஸ் காப்பி வரவழைத்தேன். ஹெல்மெட்டோடு முக்காலியில் உட்கார்ந்து, குழாயை அதன் தாடைப் பகுதிக்கு மேலே நுழைத்துக் குடித்தார். வாசலில் நின்ற இரண்டு பேர் உள்ளே வந்து அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். காப்பி தீர்ந்ததும் கழற்றினோம். நெற்றியில் சிவப்பு இல்லை. அவர் நேராக வாசலில் நின்ற யாருடைய வண்டிக் கண்ணாடிக்கோ ஓடினார். மீசையின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. சீப்பை எடுத்தார், இரண்டு இழுப்பு இழுத்தார்.

"இருக்கட்டும்," என்றார். "மீசைக்கு எடம் விட்டிருக்கான்."

அடுத்தது என் முறை. கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தவுக்கே மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். தாழப் பின்னல் போட்டுக்கொண்டு மாட்டியதும் உலகத்தின் சத்தமெல்லாம் அடங்கி, ரப்பர் வாசனை மட்டும் மிஞ்சியது. என் தலை நல்ல உருண்டை. சீக்கிரமே ஒன்று பொருந்திவிட்டது. மல்லிகைச் சரம்தான் கையில் அநாதையாக நின்றது. அதற்குப் பிறகு கல்யாணம், கோயில் என்று போகும்போதெல்லாம் பூ டிபன் டப்பாவில் பயணம் செய்தது. மண்டபத்து வண்டி நிறுத்துமிடத்தில் அவர் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடிப்பார்; நான் அதில் பார்த்துப் பூ வைத்துக்கொள்வேன்.

ஒரே கஷ்டம், வண்டியில் பேச முடியவில்லை. அதுவரை எங்கள் குடும்ப விவகாரம் முழுக்க வண்டியில்தான் பேசித் தீர்ப்போம். இப்போது நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. தோளில் தட்டினால் நிறுத்த வேண்டும், முதுகில் குத்தினால் வேகம் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதன் பிறகுதான் தாம்பத்தியம் சீரானது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வருடங்கள் கழித்து, அவரோடு வேலை செய்தவர் புக்கிட் பாத்தோக்கில் புது வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார். அப்போது அங்கே பாதி வீடுகள் கட்டி முடிந்தும் முடியாமலும் இருந்தன. லாரிகள் சிந்திய செம்மண் ரோடெல்லாம் அப்பியிருந்தது. அதன் மேல் தூறல். நான் அவர் முதுகில் குத்தினேன், அவரும் மெதுவாகத்தான் திருப்பினார். ஆனாலும் பின்சக்கரம் சறுக்கி, நாங்கள் மூவரும், வண்டியையும் சேர்த்துத்தான், சாய்ந்து இழுபட்டோம். தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம் கேட்டது.

முதலில் எழுந்தது நான். அவர் முன்கண்ணாடியைத் தூக்கினேன்.

"வாயத் திறங்க! மூடுங்க! பல்லக் கடிங்க!"

எல்லாம் செய்தார். பிறகு, "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் நீ என்னை வாயத் திறக்கச் சொல்ற," என்றார்.

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. நான் போட்டிருந்த பஞ்சாபி சூட்டின் முழங்கால் கிழிந்து, கொஞ்சம் ரத்தம். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தபோதுதான் பார்த்தேன்: துருத்திக்கொண்டிருந்த அந்தத் தாடைப் பகுதியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆழமாக ஒரு வடு. அதை விரலால் தடவிப் பார்த்தேன், மறுபடியும் தடவினேன். அவர் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மழையில் ரோட்டோரமாகவே உட்கார்ந்திருந்தார். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து வண்டியை நிமிர்த்திக் கொடுத்தார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. செம்மண்ணோடு வாசலில் நின்ற எங்களைப் பார்த்து அந்த வீட்டு அம்மா பதறிப்போய், எனக்கு உலர்ந்த புடவை கொடுத்தார். என் கணவருக்கு மாற்றுச் சட்டை கிடைத்தது. இரண்டு பேரும் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் அந்த ஹெல்மெட்டை வைத்து ஒரு சின்ன சண்டை. "மேலதான் கீறல், உள்ள நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவைதான் அடி வாங்கும், நசுங்கிவிட்டால் மறுபடி நிமிராது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வாரை வெட்டினேன். அவர் ஐயோ என்றார், அவ்வளவுதான்.

குப்பையில் போட மனசில்லாமல் வாசலில் வைத்திருந்ததைப் பக்கத்து வீட்டு மலாய் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். நுரையைப் பிய்த்துப் போட்டு, மண் நிரப்பி, அதில் சோற்றுக்கு மணம் தரும் பாண்டான் செடி வைத்தார். முகம் தெரிய வேண்டிய இடத்தில் பச்சை இலைகள் நீட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் யாரோ தலைகீழாக நிற்பது போல இருக்கும். செடி நன்றாகத் தழைத்தது. தேங்காய்ப் பால் சோறு பொங்குகிற நாட்களில் நான் போய் இரண்டு இலை கிள்ளிக்கொண்டு வருவேன்.