பை-டூ கணக்கில் வராது

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களுக்கெல்லாம் கோமளத்தைத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடுமே! புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ, காதை மூடி ஒரு மப்ளர், கையை வீசி வீசி ஒரு நடை. எதிரே வருகிறவர் கன்னடமோ தமிழோ உருதுவோ, அவரவர் பாஷையில் ஒரு குசலம் விசாரிக்காமல் விடமாட்டாள்.

ஆனால் கோமளம் நடக்க ஆரம்பித்தது ஆசைப்பட்டு அல்ல. பயந்துபோய்.

அவள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் வேன் ஆயா. சின்ன வகுப்புப் பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி, வீட்டு மனிதர்கள் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை, அதுதான் அவளுக்குப் பெருமையும். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஜீவனஹள்ளியில் வேன் நின்றது. "வாடா செல்லம், சங்கமித்ரா" என்று ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி, காத்திருந்த சங்கமித்ராவின் அம்மாவிடம் நீட்டினாள். பிள்ளை அண்ணாந்து பார்த்து, "ஆயாம்மா, நான் சங்கமித்ரா இல்ல" என்றது.

அந்த அம்மா சிரித்தாள். கோமளமும் சிரித்து வைத்தாள். வேனுக்குள் ஏறியதும் மிச்சப் பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தாள். கொஞ்ச நாளாகவே பிள்ளைகளின் முகமெல்லாம் புகைக்குள் இருப்பதுபோலத்தான் தெரிந்துகொண்டிருந்தது. குரலை வைத்தும் பையை வைத்தும் சமாளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு யாராவது வாங்கிக்கொண்டு போயிருந்தால்?

விஷயம் ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்குப் போயிற்று. நல்லவர்தான், ஆனால் கறார். "கண்ணுல புரை இருக்கு கோமளம். பெரிய லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா வேனுக்கு வேற ஆள் பார்க்கணும். நீங்க ஸ்டோர் ரூம்ல இருந்துக்கலாம்."

ஸ்டோர் ரூமா! சாக்பீஸ் டப்பாவோடும் பினாயில் கேனோடும் கோமளம் என்ன பேசுவாள்? கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு, முதல்ல அதைக் குறைச்சிட்டு வாங்க, அப்புறம்தான் கத்தி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் மமதா. கன்னடக்காரம்மா, தமிழ் சரளமாக வரும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். மிச்சம் உங்க கையில. நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க, மனசை லேசா வெச்சுக்குங்க, சர்க்கரையைத் தொடாதீங்க" என்றார்.

கோமளத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மறுநாள் காலையே ஏரிக்கரை. நடந்து முடித்ததும் மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவது. வீட்டில் ராகி முத்தே என்கிற களி உருண்டை, கீரை, முளைகட்டின பயறு. ராத்திரி சாப்பாடு பொழுதோடு முடிந்துவிடும். அப்புறம் செல்போன் சமையலறை அலமாரியில், இவள் கட்டிலில். புருஷன் சுந்தரமூர்த்தி ஆட்டோ ஓட்டுகிறவர், பாவம், அவருக்கும் இதே பத்தியம்தான். "எனக்கு இன்னா வியாதின்னு எனக்கு இந்த உருண்டை?" என்று தட்டைப் பார்த்துப் புலம்புவார். "வியாதி வரக்கூடாதுன்னுதான், முழுங்குங்க" என்பாள். அவர் தொந்தி கரைந்து பேன்ட் நழுவ ஆரம்பித்தது. இவளுக்கு முட்டிவலி போய்விட்டது, படுத்ததும் தூக்கம் வந்தது. எல்லாம் ஜோர்!

சர்க்கரை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

ஏப்ரலில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மமதா நெற்றியைச் சுருக்கினார். கோமளத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "டாக்டரம்மா, சாமி சத்தியமா சொல்றேன், ஸ்வீட்டைக் கண்ணால பார்க்கல. வாழைப்பழம்கூட விட்டாச்சு."

"காபி?"

"வீட்டுல காலையில ஒண்ணு. சர்க்கரை போடறதே இல்ல."

டாக்டர் பேனாவை உருட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். அவர் மேஜையில் அரை கிளாஸ் காபி ஆறிக்கொண்டிருந்தது. மீதி அரை கிளாஸ் வெளியே நர்ஸ் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது.

"பை-டூ?"

"அது இல்லாமயா? பை-டூ எல்லாம் காபியா டாக்டரம்மா?"

பெங்களூரில் பிறந்து வளர்ந்த ஒருத்தியால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு வெள்ளையாகக் கேட்க முடியும். ஒரு காபியை வாங்கி இரண்டு கிளாஸில் பங்கு போட்டுக்கொள்வதற்குப் பேர்தான் பை-டூ. அது குடிப்பதற்காக வாங்குவதல்ல, நின்று நாலு வார்த்தை பேசுவதற்காக. அதைப் போய் யாராவது கணக்கில் சேர்ப்பார்களா? நடை முடிந்ததும் சிநேகிதி ஆஞ்சலாவோடு ஒரு பை-டூ. வேன் கிளம்புமுன் டிரைவரோடு ஒரு பை-டூ. பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் இன்னொரு ஆயாவோடு. சாயங்காலம் புருஷனோடு ஆட்டோ ஸ்டாண்டில். எல்லாவற்றிலும் ஓட்டல்காரன் முன்கூட்டியே கலந்து வைத்த சர்க்கரை. அதுவும் ஆஞ்சலாவுக்குத் தூக்கலாக இருக்கவேண்டும்.

கோமளம் சொல்லச் சொல்ல டாக்டர் மமதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அய்யோ ராமா! ஏரியைச் சுத்தி சுத்திக் கரைச்சதை எல்லாம் அங்கேயே நின்னு ஊத்திக்கிட்டு வந்திருக்கீங்களே!"

கோமளத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பள்ளிக்கூடம் திறக்க அதிக நாள் இல்லை.

மற்றவர்களிடம் பை-டூவை நிறுத்துவது சுலபமாகத்தான் இருந்தது. ஆஞ்சலாவிடம்தான் வம்பாகிவிட்டது. ஆஞ்சலா கார்மென்ட்ஸில் வேலை பார்த்து ஓய்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் துபாயில். ஏரிக்கரை நடையும் அந்த அரை கிளாஸ் காபியும் விட்டால் அன்றைக்கு முழுக்க அவளிடம் பேச ஆள் கிடையாது. இதையெல்லாம் யோசிக்காமல் கோமளம் பொட்டென்று, "இனிமே எனக்கு காபி வேணாம், நீயே முழுசா குடிச்சிக்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆஞ்சலாவின் முகம் தொங்கிப்போயிற்று. "தனியா ஒரு கிளாஸை வெச்சிக்கிட்டு நின்னு குடிக்க நான் இன்னா அனாதையா?" என்றவள் விறுவிறுவென்று போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

அதே ஏரி, அதே பாதை, ஆனால் தனியாக நடந்தால் எவ்வளவு நீளம்! மூச்சை இழுத்து விடக் கண்ணை மூடினால் ஆஞ்சலாவின் கோபம்தான் நினைவுக்கு வந்தது. தூக்கம் கெட்டது. "நாளைக்கு நடக்கப் போகல" என்று ஒருநாள் கோமளம் புருஷனிடம் சொல்லவும் சொன்னாள். கீரையும் ராகியும் உடம்பைத்தான் பார்த்துக்கொள்ளும். வாய்விட்டுப் பேச ஒரு ஆள் இல்லாவிட்டால் மனசு படுத்துக்கொள்கிறது, என்ன செய்ய!

காலையில் சுந்தரமூர்த்தி அவளைச் சும்மா விடவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு சுற்று நடந்தாள். பழக்கத்தில் கால் தர்ஷினிக்கு, அவர்கள் தினமும் பை-டூ குடிக்கிற அந்த நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலுக்கு, போய் நின்றது. கவுன்டரில் காபி கொடுக்கிற மஞ்சுநாத்.

"சக்கரை இல்லாம ஒந்து காபி கொடப்பா" என்று பாதிக் கன்னடத்தில் ஒரு காபி கேட்டாள்.

"பை-டூ?" என்றான், வழக்கம்போல.

"யாரோட?" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னொரு கிளாஸ் வை, மஞ்சு."

ஆஞ்சலா! "நீ சர்க்கரை போடாம குடிக்கணும்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? என்னையே வேணாம்னியேடி பாவி" என்று திட்டிக்கொண்டே கிளாஸில் பாதியை ஊற்றிக் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கோமளம் பயந்து பயந்து கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. சொல்லப்போனா இதுதான் டேஸ்ட். இத்தினி நாளா தெரியாமப்போச்சு."

கோமளத்தின் புரை விழுந்த கண்ணுக்கு அவள் முகம் மங்கலான ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது. குரலில் சிரிப்பு இருந்தது, அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் அதே காபி, அதே கேள்வி, அதே "சூப்பரா இருக்கு".

மே மாதம் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் மமதா கைதட்டியே விட்டார். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தூசி படக்கூடாதென்று கொஞ்ச நாள் ஏரிக்கரை மட்டும் கிடையாது. பள்ளிக்கூடம் திறந்த அன்று வேன் ஜீவனஹள்ளியில் திரும்பும்போதே, சந்து முனையில் நின்ற பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள் கோமளம். "ஏய் சங்கமித்ரா! முன்பல் எங்கடி?" என்று கத்தினாள். டிரைவர் பயந்து பிரேக் போட்டான். அவளுக்குக் கத்தினது போதவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையையும் முகத்தைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏரிக்கரை, மறுபடி தர்ஷினி. மஞ்சுநாத் கேட்காமலே சர்க்கரை இல்லாத காபியும் இரண்டு கிளாஸும் வைத்தான். ஆஞ்சலா பங்கு போட்டாள். ஒரு வாய் குடித்தாள்.

அப்போதுதான் கோமளம் பார்த்தாள். ஆஞ்சலாவின் கண் இறுக மூடிக்கொண்டது, மூக்கு சுருங்கியது, உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது. பேதி மருந்து குடிக்கிற குழந்தையின் முகம்! விழுங்கி முடித்து, கண்ணைத் திறந்து, "சூப்பரா இருக்கு" என்றாள்.

"தினமும் இப்படித்தான் குடிச்சியா?"

மஞ்சுநாத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டெய்லி இதே மூஞ்சிதாம்மா. உங்களுக்குத்தான் தெரியல."

கோமளத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "அழுவாத, ஆபரேஷன் பண்ண கண்ணு" என்று ஆஞ்சலா அதட்டினாள்.

"மஞ்சு, இவளுக்குத் தனியா ஒரு காபி கொடுப்பா, சர்க்கரை தூக்கலா" என்றாள் கோமளம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"தனியா குடிக்க நான் இன்னா அனாதையா?" ஆஞ்சலா தன் கிளாஸை நீட்டினாள். "உன்னுதுலேருந்தே இன்னும் கொஞ்சம் ஊத்துடி."